ஒரே ஒரு அழைப்பைப் பின்தொடருங்கள்

பழைய டெலிபோன் ஸ்விட்ச்போர்டின் பின்பலகையைக் கழற்றியதும் மெழுகு நூலால் இறுக்கிக் கட்டிய வயர்க் கற்றை மிரட்டும். எந்த வயர் எங்கே போகிறது என்று தேடத் தொடங்கினால் பொழுதுதான் போகும். எனக்குப் பயன்பட்ட வழி வேறு: ஒருவர் கூப்பிடுவதில் தொடங்கி, பேசி முடிப்பதுவரை ஒரே ஒரு அழைப்பைப் பின்தொடர்வது.

முதலில் இனம் பார்க்க வேண்டும். ஒவ்வொரு லைனுக்கும் குட்டி விளக்கு இருந்தால், போன்களுக்கெல்லாம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் போன வகை. விளக்குக்குப் பதில் மூடிகளும் பக்கத்தில் சுற்றும் கைப்பிடியும் இருந்தால் மேக்னெட்டோ வகை. அதில் பேச்சுக்கான பேட்டரி அந்தந்தப் போனுக்குள்ளேயே இருக்கும். காயலான் கடையில் எனக்குக் கிடைத்தது பத்து லைன் மேக்னெட்டோ போர்டு. பேச்சு மின்சாரம் போர்டிலிருந்து வருவதில்லை என்பது பிடிபட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இனி அழைப்பு. அந்தப் பக்கம் போன்காரர் கைப்பிடியைச் சுற்றுகிறார். அதிலிருந்து வரும் மாறுமின்னோட்டம் போர்டில் அவருடைய காயிலுக்குள் பாய, கொக்கி விலகி மூடி கீழே விழுகிறது. விழவைப்பது மின்சாரமல்ல, புவியீர்ப்பு. அதனால் போர்டை மேசையில் மல்லாத்தி வைத்துச் சோதிக்காதீர்கள். காயில் நன்றாக இருந்தாலும் மூடி அசையாது. நிமிர்த்தி வையுங்கள். கைப்பிடியைச் சுற்றும்போது வயர் முனைகளைத் தொடவும் வேண்டாம். 75 வோல்ட்டுக்கு மேலும் வரும், உதறித் தள்ளும்.

மூடி விழுந்ததும் ஆபரேட்டர் பின்வரிசைப் பிளக்கை எடுத்து அந்த லைனின் ஜாக்கில் செருகி, கீ எனும் சுவிட்சைத் தள்ளி, யார் வேண்டும் என்று கேட்பார். பிறகு ஜோடியான முன்வரிசைப் பிளக்கை அடுத்தவர் ஜாக்கில் செருகி, மணியடிக்கும் கீயை அழுத்தியபடி தன் கைப்பிடியைச் சுற்றுவார். அவ்வளவுதான் எக்ஸ்சேஞ்ச்! 1878இல் அமெரிக்காவின் நியூ ஹேவனில் 21 சந்தாதாரர்களோடு தொடங்கிய முதல் வணிக எக்ஸ்சேஞ்சும் செய்தது இதைத்தான்: இவர் லைனை அவர் லைனோடு கையால் சேர்ப்பது.

ஜாக்கைக் கொஞ்சம் நேரமெடுத்துப் பார்ப்பது வீண்போகாது. என் போர்டில் பிளக் நுழையும்போது ஒரு ஸ்பிரிங் விலகி, மூடியின் காயிலை லைனிலிருந்து வெட்டிவிடுகிறது. அந்தத் தொடுமுனையில் பச்சை பூத்திருந்தால் மூடி விழவே விழாது. காயில் எரிந்துவிட்டதென்று பலரும் நினைத்துக்கொள்வது இங்கேதான். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், மேல்பூச்சு போய்விடும். கெட்டித்தாளை ஆல்கஹாலில் நனைத்து, முனைகளுக்கு நடுவே வைத்து இழுத்தால் போதும்.

காயிலுக்கு மல்டிமீட்டர் சில நூறு ஓம் காட்டினால் பெரும்பாலும் நல்லதுதான். பிளக் வயர்தான் சனியன். உள்ளே இருப்பது நூலில் சுற்றிய மெல்லிய உலோக இழை. பிளக்கை ஒட்டி உள்ளுக்குள்ளேயே அறுந்திருக்கும், வெளியே தெரியாது. மீட்டரை மாட்டி வயரை வளைத்து வளைத்துப் பாருங்கள். முள் துள்ளினால் அந்தத் துண்டை வெட்டிவிட்டு, மிச்ச வயரிலேயே பிளக்கைப் பொருத்தலாம். அக்கால மெக்கானிக்குகள் செய்ததும் அதுதான். பிளக் கிடைக்காதென்ற கவலையும் அவ்வளவாக வேண்டாம். எலக்ட்ரிக் கிதாரில் செருகுகிற கால் அங்குலப் பிளக் இதன் வாரிசு. ஆனால் நுனியின் வடிவம் சற்று மாறும், ஜாக்கில் பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.

பேசி முடித்தவர் மறுபடி கைப்பிடியைச் சுற்றினால், பிளக் ஜோடிக்கென்று இருக்கும் தனி மூடி விழும். அதைப் பார்த்துத்தான் ஆபரேட்டர் பிளக்குகளை உருவுவார். மூடிகள் லைன்களைவிட அதிகமாக இருப்பது அதனால்தான்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் வீட்டு டெலிபோன் லைனை இதில் கோத்துப் பார்க்கும் ஆசை வரும். வேண்டாம். அந்த லைனில் எப்போதும் 48 வோல்ட் அளவில் நேர்மின்னழுத்தம் நிற்கிறது. மூடியின் காயில் வழியே அது பாய்ந்தால், யாரோ ரிசீவரை எடுத்துவிட்டார்கள் என்று எக்ஸ்சேஞ்ச் நினைத்துக்கொள்ளும். இரண்டு மேக்னெட்டோ போன் தேடிப் பிடித்து, ஒன்றைச் சமையலறையிலும் ஒன்றை மாடியிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஆபரேட்டர் வேலைக்கு வீட்டுப் பிள்ளைகள் போட்டி போடுவார்கள்.