மரத்தைக் குடைவது கட்டெறும்பா, கரையானா?

கதவு நிலைக்கடியில் மரத்தூள் உதிர்ந்து கிடக்கிறதா? கவனியுங்கள்.

• கரையான் மரத்தைத் தின்னும். மண்ணால் பாதை கட்டும். கட்டெறும்புகளில் சில வகை, ஈரத்தில் இற்ற மரத்தைக் குடைந்து, தூளை வெளியே தள்ளும், தின்னாது.

• இறக்கை முளைத்தவை வந்தால் உற்றுப் பாருங்கள். ஒடுங்கிய இடுப்பும் நீண்ட முன்னிறக்கையும் இருந்தால் எறும்பு. நான்கு இறக்கையும் ஒரே அளவென்றால் கரையான்.

• இரவில் டார்ச் அடித்து, எறும்புச் சாரை எங்கே போகிறதென்று பாருங்கள்.

• ஒரு கப் தண்ணீரில் 8 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் போரிக் பவுடர் கரைத்து, பஞ்சில் நனைத்துச் சாரையோரம் வையுங்கள். எறும்புகளே கூட்டுக்குக் கொண்டுபோகும். அந்த இடத்தில் ஸ்பிரே அடிக்காதீர்கள்.

• குழந்தைகள், வளர்ப்புப் பிராணிகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

• ஒழுகும் குழாயைச் சரிசெய்யுங்கள். இற்ற மரத்தை மாற்றுங்கள். ஈரம் இருக்கும்வரை எறும்பு திரும்பி வரும்.