பெறாமகளுக்கு, கதை கட்டத் தொடங்குமுன்

நீ இளம் பிள்ளைகளுக்காக ஒரு மாயக்கதை எழுதத் தொடங்கியிருக்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். பனி கொட்டும் காடு, ஓநாய்கள், இங்கிலாந்துப் பெயருள்ள நாயகி. பேசாலையில் இருந்துகொண்டு பனியை எழுதுவது குற்றமில்லை. ஆனாலும் பெரியப்பா வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவன், கதையும் கிறுக்கியவன். சிலவற்றைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. கேட்டுவிட்டு உனக்குச் சரியென்று படுவதை மட்டும் எடுத்துக்கொள்.

1. ஊர் சின்னது என்ற எண்ணத்தை முதலில் விடு. ஆதம் நபிக்கும் ஹவ்வாவுக்கும் உரியவை என்று சனங்கள் நம்பும் நாற்பது அடிக் கப்றுகள் நம் மன்னார்த் தீவில்தான் இருக்கின்றன. அவர்களுடைய பிள்ளைகள் ஆபில், காபில் பேரில் அக்கரையில் இராமேஸ்வரத்தில் ஒரு தர்கா. இடையில் ஏறத்தாழ 30 கிலோமீற்றருக்கு மணல்திட்டுகள். ஒருவர் அதை ஆதாம் பாலம் என்கிறார், மற்றவர் இராமர் அணை என்கிறார். உலகத்தின் முதல் குடும்பம் ஒரு கடலின் இரு கரையிலும் உறங்குகிறது என்று நம்பும் ஊரில் பிறந்துவிட்டு, கதைக்கு இடமில்லை என்று நீ சொன்னால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தைப் போய்ப் பார். ஆபிரிக்காவின் மரம் அது, அரபு வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். தெருவில் திரியும் கழுதைகளுக்கும் அதே கதைதான். வேற்றுலகத்திலிருந்து வந்தவர்களை எழுத நீ வானத்தைப் பார்க்கவேண்டியதில்லை.

2. உனக்கு முன்னே பிறர் நம்மை எழுதிவிட்டார்கள் என்று மனம் கசந்துபோகாதே. ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இலங்கைக்கு வந்து 2008இல் சாகும்வரை இங்கேயே இருந்தார். 1979இல் வந்த ‘தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்’ நாவலில் பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு மின்தூக்கி கட்டுகிறார். அதற்கு நிலநடுக்கோட்டில் ஒரு மலை வேண்டும். ஆகவே நம் இலங்கையை அப்படியே 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்திவிட்டார். நம்மிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை! எனக்கு அவர்மேல் கோபமில்லை, நல்ல கதை அது. ஆனால் நகர்த்தப்பட்ட தீவின் மீனவனுக்கு வாடைக்காற்று எந்தப் பக்கமிருந்து வீசியிருக்கும் என்று கேட்கக்கூடியவள் நீ.

நம் சனங்களும் சும்மா இருந்தவர்களில்லை. முத்துக்குளிப்பை மேற்பார்க்க ஆளுநர் நோர்த் அரிப்பில் ஒரு மாளிகை கட்டினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த விஷயம். ஊர்வாயில் அது அல்லிராணிக் கோட்டை. ஆளுநரைத் தள்ளிவிட்டு ராணியைக் குடியேற்றிவிட்டார்கள். இப்போது கடல் அந்தச் செங்கற்களைத் தின்றுகொண்டிருக்கிறது, ராணி மட்டும் அசையவில்லை. கற்பனையில் பதில் சொல்லும் பழக்கம் நம் இரத்தத்தில் உண்டு.

3. உன்னைப்போல ஓரத்தில் நின்றவர்கள் எப்படி எழுதினார்கள் என்று படி. அமெரிக்காவில் லத்தீன் அமெரிக்க வழிவந்த எழுத்தாளர்கள் இந்தப் பத்துப் பதினைந்து வருடத்தில் இளையோருக்கான அறிவியல் கதைகளிலும் மாயக்கதைகளிலும் செய்திருப்பதை நான் பொறாமையோடுதான் பார்க்கிறேன்.

டொன்னா பார்பா ஹிகேராவின் ‘தி லாஸ்ட் குவென்டிஸ்டா’ 2022இல் நியூபெரி பதக்கம் பெற்றது. வால்வெள்ளி பூமியை அழிக்கப்போகிறது. பெத்ரா என்ற சிறுமி வேறொரு கிரகத்துக்குக் கப்பலில் தூங்கியபடி போகிறாள். விழிக்கும்போது மற்ற எல்லாருடைய நினைவுகளும் துடைக்கப்பட்டுவிட்டன. அவளுக்கு மட்டும் பூமி நினைவிருக்கிறது, ஆச்சி சொன்ன கதைகளும் நினைவிருக்கின்றன. அவள் கையில் இருக்கும் ஆயுதம் அவ்வளவுதான். போர்க்காலத்தில் நம் அம்மம்மாமார் முகாமிலும் படகிலும் எதைக் காப்பாற்றிக்கொண்டு வந்தார்கள் என்று நீயே யோசி.

டானியல் ஹோசே ஓல்டரின் ‘ஷேடோஷேப்பர்’ 2015இல் வந்தது. புரூக்ளினில் வாழும் புவேர்ட்டோ ரிக்கோ வழிச் சிறுமி ஒருத்தி சுவரோவியங்களுக்குள் முன்னோரின் ஆவியை இறக்குகிறாள். அதில் வில்லன் யார் தெரியுமா? அந்தச் சனத்தை ஆராய வந்த மானிடவியலாளர். எய்டன் தாமஸின் ‘செமட்டரி பாய்ஸ்’ 2020இல் வந்தது. தன்னை ஆண்பிள்ளையாகக் குடும்பம் ஏற்கவேண்டும் என்று ஏங்கும் ஒரு திருநம்பிப் பிள்ளை, இறந்தோர் திருநாளையொட்டி ஒரு பேயை எழுப்பிவிட்டுப் படும் பாடு. நவம்பர் 2ஆம் நாள் சேமக்காலையில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு, கல்லறையோடு அம்மா கதைப்பதைப் பார்த்தவள் நீ. அந்தக் கதை உனக்கு அந்நியமாக இராது.

இவர்களிடம் நான் கண்டது ஒரு துணிவு. வீட்டுச் சாப்பாட்டையும் சாமியையும் வெளியாளுக்கு விளக்கக் கதையை நிறுத்துவதில்லை. வாசிக்கிற பிள்ளை பின்னால் ஓடிவரும் என்ற நம்பிக்கை. நீயும் வழிகாட்டி வேலை பார்க்காதே.

4. கேள். கேட்டபிறகு கட்டு. முத்துச்சலாபம் நடந்த காலத்தில் கடல்கட்டி என்று ஒருவர் இருந்தார். மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுவது அவர் தொழில். அவர் இல்லாமல் முத்துக்குளிப்பவர்கள் தண்ணீரில் இறங்கமாட்டார்கள் என்பதால் ஆங்கில அரசாங்கமே அவரை வேலைக்கு வைத்திருந்தது. அந்த அரசாங்கத்தில் அதிகாரியாக இருந்த எமர்சன் டெனன்ற் 1859இல் வந்த தன் நூலில் இதை எழுதுகிறார். அந்தக் கடல்கட்டிப் பரம்பரையின் அப்போதைய தலைவர் கத்தோலிக்கர் என்றும் சொல்கிறார். சம்பளம் வாங்கும் மந்திரவாதி! அவர் தன் மந்திரத்தைத் தானே நம்பினாரா? பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியிடம் என்ன சொன்னார்? சுறா ஒருவரைக் கடித்துவிட்டால் அன்றிரவு அவர் வீட்டில் உலை ஏறியதா? கேள்விகளைச் சேர்க்கத் தெரிந்தவளுக்குக் கதைப்பஞ்சம் வராது. அவரை நம்பவும் வேண்டாம், நக்கலடிக்கவும் வேண்டாம். கொஞ்சநேரம் பக்கத்தில் நில்.

5. இதை மெதுவாகச் சொல்கிறேன். மாயக்கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு சனத்தையே அரக்கராக்கிவிடுவது மிகவும் எளிது. நம் மண்ணில் அந்த எளிமை ஆபத்தானது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லாரையும் புலிகள் வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டிச் சனங்கள் தோணிகளில் கல்பிட்டிப் பக்கம் போய் இறங்கினார்கள். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த கூட்டாளி புத்தளத்து ஓலைக்கொட்டிலில் பல வருடம் இருந்தான். அவனிடம் ‘நீ எழுது’ என்றேன். ‘உங்கள் கதைகளில் என் வீட்டுக் கதவு இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன்’ என்றான். ஒரே சனம் மட்டும் வாழும் கற்பனைத் தீவொன்றை நீ படைத்தால், மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று உன்னையே கேட்டுக்கொள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து வந்து இந்தக் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்து, வழியிலேயே விழுந்த தோட்டத் தொழிலாளர்களையும் மறக்காதே. பேய்க்கதை வேண்டுமென்றால் அந்தப் பாதையில் நட. ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டு நட.

6. அறிவியல் கதைக்கு அறிவியல் வேண்டும். மன்னார்த் தீவின் தென்கரையில் சுழலும் ‘தம்பபவனி’ காற்றாலைகள் 2020 டிசம்பரில் தொடங்கின. 30 விசிறிகள், 103.5 மெகாவாற். மத்திய ஆசியாவிலிருந்து வரும் பறவைகளின் வான்பாதை நம் தலைக்கு மேலே. வங்காலைச் சரணாலயத்துப் பூநாரைகளைப் பார்க்க வெளிநாட்டார் வருகிறார்கள். இன்னும் காற்றாலை வேண்டாம், கனிய மணலைத் தோண்டவேண்டாம் என்று 2025இல் சனங்கள் தெருவில் இறங்கினார்கள். இதில் நல்லவர், கெட்டவர் என்று அவசரப்பட்டுப் பிரிக்காதே. விசிறி ஏன் சுழல்கிறது, மின்சாரம் எங்கே போகிறது, மழைநீர் ஏன் வடியவில்லை என்று கற்றுக்கொள். சோளகம், கச்சான், வாடைக் காற்றுகள் எந்தெந்த மாதம் வீசும் என்று தொழிலுக்குப் போகிறவர்களிடம் கேள். அதற்கப்புறம் 2090ஆம் ஆண்டு மன்னாரை எழுது.

7. பிள்ளைகளை ஏமாற்றாதே. புத்தி சொல்லவும் போகாதே. (புத்தி சொல்வது என்னைப்போல் கிழடுகளின் நோய்.) விடியவிடிய நடக்கும் நம் கூத்தில் பிள்ளைகள் பாயில் தூங்கிப்போவார்கள். சம்மனசும் பேயும் மேடைக்கு வரும்போது தாமாக எழும்புவார்கள். வேதசாட்சிகள் தலை வெட்டுண்டு சாவதையும் அவர்கள் பார்த்தார்கள், ஒருவரும் கண்ணை மூடவில்லை. துக்கம் தாங்காது என்று நினைத்து அவர்களுக்கு நீ சர்க்கரை பூசத் தேவையில்லை.

8. திருப்பி அனுப்புவார்கள். என் கதையொன்றை ஒரு பத்திரிகை ஆசிரியர், மன்னாரை யாழ்ப்பாணமாக மாற்றினால் போடலாம் என்று எழுதித் திருப்பினார். மாற்றவில்லை. கதை அச்சேறவும் இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கொப்பியில் பார்த்தெழுதிக் கைமாற்றி வாசித்தார்கள். ஆனால் காலம் அப்படியே நிற்பதில்லை. கொழும்பில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த தமிழ்ப்பெண் மேரி ஆன் மோகன்ராஜ் 2000இல் ‘ஸ்ட்ரேஞ் ஹொரைசன்ஸ்’ என்ற இணைய இதழைத் தொடங்கி, உலகத்தின் மூலைமுடுக்குகளிலிருந்து வரும் இப்படிப்பட்ட கதைகளுக்கு வாசல் திறந்தார். இலங்கையின் வஜ்ர சந்திரசேகர 2023இல் வந்த ‘தி செயின்ட் ஒஃப் பிரைட் டோர்ஸ்’ நாவலுக்கு நெபியுலா விருது பெற்றார். அவர்கள் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள், நீ தமிழில் எழுதுகிறாய். சுஜாதா ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்ற இயந்திர நாயைக் குதிக்க விட்டபோது தமிழ்ப்பிள்ளைகள் வாரம்தோறும் காத்திருந்து வாசித்தார்கள். பேசாலைப் பிள்ளைக்கென்று எழுதிய ஒன்று இன்னும் வரவேண்டியிருக்கிறது.

9. அடுத்தவளுடைய புத்தகம் முதலில் வந்தால் போய்க் கைகொடு. மனம் எரிந்தாலும் கொடு. எரிவு ஒரு கிழமையில் ஆறும். கொடுக்காத கை வருடக்கணக்காக உறுத்தும் என்பதை நான் பலரில் பார்த்திருக்கிறேன்.

10. முடி. அழகு பார்ப்பதையெல்லாம் பிறகு வைத்துக்கொள். எழுதியதைத் தம்பிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டு. அவன் எந்த இடத்தில் கைத்தொலைபேசியை எடுக்கிறான் என்று பார்த்து, அந்தப் பக்கத்தில் ஒரு கோடு போடு. சனிக்கிழமை முதல் மூன்று அத்தியாயத்தோடு வா. புதுக் கண்ணாடி போட்டிருக்கிறேன், கையெழுத்தாக இருந்தாலும் வாசிப்பேன். பெரியம்மா கணவாய்க் கறி வைப்பாள்.