ஆல்பத்தில் நிற்கும் வண்டி எது?

பழைய படத்தில் முதலில் ஸ்டியரிங்கைப் பாருங்கள். இடப்பக்கம் இருந்தால், படம் கண்ணாடி பிம்பமாகத் திருப்பி அச்சாகியிருக்கலாம். நம்பர் பிளேட்டும் சட்டைப் பொத்தானும் அதை உறுதிசெய்யும்.

அம்பாசடர் என்று அவசரப்பட வேண்டாம். பின்மூலைகள் உருண்டு சரிந்திருந்தால் அதற்கு முந்தைய லேண்ட்மாஸ்டராக இருக்கலாம். சிறிய வால்துடுப்பு எழும்பியிருந்தால் 1950-களின் இறுதியில் வந்த அம்பாசடர். ஃபியட்டில் முன்கதவின் கீலைத் தேடுங்கள். கதவின் பின்விளிம்பில் கீல் இருந்தால் அது பழைய 1100. அதன் பின் வந்த பத்மினியின் முன்கதவு வழக்கம்போல்தான் திறக்கும்.

பைக்கில் சைலன்சர்தான் பெரிய துப்பு. ஒற்றை சிலிண்டருக்கு இருபுறமும் ஒவ்வொரு சைலன்சர் என்றால் பெரும்பாலும் ஜாவா அல்லது எஸ்டி. மைசூரில் 1961-இல் தொடங்கிய ஆலையின் வண்டிகள் அவை; முதலில் ஜாவா, பின்னர் எஸ்டி. டேங்கில் உள்ள பெயரை மட்டும் நம்பாதீர்கள்; டேங்கை மாற்றுவது சகஜம். பழைய புல்லட்டுக்கு கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில்.

எம்.எஸ். என்று தொடங்கும் நம்பர் மெட்ராஸ் மாநிலக் காலத்துப் பதிவு. அது வண்டியின் வயதைச் சொல்லும், படம் எடுத்த ஆண்டையல்ல. மங்கிய எழுத்தைப் படிக்க 600 டிபிஐ-க்குக் குறையாமல் ஸ்கேன் செய்யுங்கள். கண்டுபிடித்ததைப் படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறும்.