இணையச் சேமிப்பில் ஆவணங்கள்: உரிமை யாருக்கு?

கேள்வி: கிரயப் பத்திரம், கல்விச் சான்றிதழ், எழுதி முடித்த நாவல் ஆகியவற்றைக் கூகுள் டிரைவில் ஏற்றி வைத்தால், விதிமுறைகளை ஏற்றுக்கொண்ட காரணத்தால் அவற்றின் உரிமை நிறுவனத்துக்குப் போய்விடுமா?

பதில்: போகாது. இத்தகைய விதிமுறைகளின்படி பயனர் தருவது உரிமம்தான், உரிமை அல்ல. கோப்பைச் சேமிக்கவும், வேறு சர்வரில் நகலெடுக்கவும், பயனர் பகிர்ந்தவருக்குக் காட்டவும் நிறுவனத்துக்கு அனுமதி தேவை. அந்த அனுமதி 'உலகளாவிய', 'ராயல்டி இல்லாத' போன்ற சொற்களில் எழுதப்படுவதால் அச்சம் எழுகிறது. 2011-இல் டிராப்பாக்ஸ் என்ற இணையச் சேமிப்பு நிறுவனம் இப்படி எழுதியபோது பயனர்கள் கடுமையாக எதிர்த்தனர். கோப்புகள் பயனருக்கே சொந்தம் என்பது தெளிவாகும்படி வாசகம் திருத்தப்பட்டது.

நாவலுக்குக் கூடுதல் காப்பு உண்டு. பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 19-இன்படி, உரிமையாளர் கையொப்பமிட்ட எழுத்து ஆவணம் இல்லாமல் பதிப்புரிமை கைமாறாது. பத்திரத்தின் ஸ்கேன் நகல் எந்த சர்வரில் இருந்தாலும் சொத்தின் மீதான உரிமை மாறாது.

ஆனால் 'ஏற்கிறேன்' என்று அழுத்துவது வெறும் சடங்கு அல்ல. மின்னணு வடிவில் ஏற்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தத்தைச் செல்லாது எனத் தள்ள முடியாது என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 10ஏ. ஆகவே கணக்கு முடக்கம், கோப்பு நீக்கம், இழப்பீட்டு வரம்பு, வழக்காடும் இடம் ஆகிய நான்கு பகுதிகளையேனும் படித்தாக வேண்டும். கூகுளின் தனிநபர் கணக்கு 2 ஆண்டுகள் பயன்படுத்தப்படாமல் கிடந்தால், கணக்கோடு கோப்புகளையும் அந்நிறுவனம் நீக்கலாம். இலவசச் சேவையில் கோப்பு அழிந்தால் நுகர்வோர் ஆணையத்தை நாடுவதும் கடினம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 பொதுவாகக் கட்டணம் செலுத்தியவரையே நுகர்வோராகக் கொள்கிறது.

அரசின் டிஜிலாக்கரிலும் ஒரு வேறுபாடு உண்டு. அரசுத் துறையோ பல்கலைக்கழகமோ நேரடியாக அதில் வழங்கிய சான்றிதழ், 2016-ஆம் ஆண்டு டிஜிட்டல் லாக்கர் விதிகளின்படி அசலுக்கு இணையானது. பயனரே ஸ்கேன் செய்து ஏற்றியதற்கு அந்தத் தகுதி கிடையாது. உயிலின் நிலை வேறு: அதை மின்னணு வடிவில் மட்டும் எழுதி வைப்பது செல்லாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் உயிலைத் தன் வரம்பிலிருந்தே விலக்கியிருக்கிறது.

எனவே இணையச் சேமிப்பை நகலுக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். கிரயப் பத்திரமும் உயிலும் அசலாகவே வீட்டிலோ வங்கி லாக்கரிலோ இருக்கட்டும். நாவலின் இன்னொரு பிரதி பென்டிரைவில் இருக்கட்டும். கணக்கை அவ்வப்போது திறந்து பார்த்து வருவதும் அவசியம்.