அகமதாபாத் ஜாமா மசூதியின் தூண்கள்

சென்ற மாதம் நம் சங்கத்துச் செயற்குழுவில் பிள்ளைகளின் ஒருநாள் சுற்றுலா பற்றிப் பேச்சு வந்தது. ஜாமா மசூதிக்கு அழைத்துப் போகலாம் என்றேன். "மோதேரா சூரியன் கோயிலுக்குப் போனால் பிள்ளைகள் நாலு சிற்பமாவது பார்ப்பார்கள் சார். மசூதியில் வெறும் சுவர்தானே இருக்கும்?" என்றார் ஒரு நண்பர்.

அவரைக் குறை சொல்ல எனக்கு அருகதை இல்லை. 1971-ல் மில் வேலைக்கு வந்து மணிநகரில் குடியேறியவன் நான். நகை வாங்க மாணெக் சௌக்கிற்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். பக்கத்திலேயே இருந்த இந்த வாசலுக்குள் இருபது வருடம் நுழைந்ததில்லை. கலவர நாட்களில் பிடித்த பயம், ஊர் அமைதியான பிறகும் விடவில்லை. ஒரு நாள் துணிந்து உள்ளே போனபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது மோதேராதான். அடுத்து நம்மூர்க் கல் மண்டபம்.

சுல்தான் முதலாம் அகமது ஷா 1411-ல் இந்நகரை அமைத்தார். ஜாமா மசூதி 1424-ல் கட்டி முடிக்கப்பட்டது. பத்ரா கோட்டையிலிருந்து மூன்று வளைவுகள் கொண்ட தீன் தர்வாஜாவைக் கடந்து கிழக்கே நடந்தால், காந்தி சாலையின் தென்புறம் இருக்கிறது. உள்ளே பரந்த கல் பாவிய முற்றம். நடுவில் ஒளு செய்யும் தடாகம். மக்கா இங்கிருந்து மேற்கே என்பதால் தொழுகைக் கூடம் முற்றத்தின் மேற்கில் உள்ளது.

முகப்பில் பெரிய கூர்வளைவு. அது வரைக்கும்தான் வளைவு. அதைத் தாண்டினால் 260 தூண்கள்! தூண், அதன்மேல் போதிகை, அதன்மேல் உத்தரம் என்று நம் கோயில் மண்டபத்தின் அதே கணக்கு. மேலே 15 பெரிய குவிமாடங்கள். அண்ணாந்து பார்த்தால் அவற்றைக் கட்டிய விதம் விளங்கும். சதுரத்தின் மேல் உத்தரங்களைக் குறுக்கே வைத்து எண்கோணமாக்கி, அதன்மேல் கல் வளையங்களை அடுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு வளையமும் கீழேயுள்ளதைவிடச் சற்று உள்ளே நீளும். கடைசியில் திறப்பு மூடிக்கொள்ளும். குஜராத்துக் கோயில் மண்டபங்களின் விதானம் இப்படி அமைந்ததே. முகப்பு வளைவின் வழியே பார்க்கும்போது இரு தூண்களுக்கிடையே மெல்லிய கல் தோரணம் தெரியும். அதன் உடன்பிறப்பை மோதேராவில் காணலாம்.

என்னை அதிக நேரம் நிறுத்தியது வெளிச்சம். நடுப்பகுதி மூன்று நிலை உயரம். மேல்நிலைகளில் சுற்றிலும் தூண் வரிசைகள், துளையிட்ட கல் திரைகள். வெயில் நேரே உள்ளே விழாமல் அவற்றில் பட்டுத் தணிந்து இறங்குகிறது. காற்றும் அந்த வழியாகவே வருகிறது. மே மாதத்து அகமதாபாதில் இதன் அருமை தெரியும்.

முகப்பின் இரு புறமும் உயர்ந்த மினாராக்கள் இருந்தன. ஒன்றை அசைத்தால் மற்றொன்றும் அசையுமாம். 1819-ல் கட்ச் பூகம்பத்தில் அவை விழுந்தன. அடிப்பாகம் மட்டும் நிற்கிறது. அதை நெருங்கிப் பாருங்கள். கோயில் வெளிச்சுவரில் உள்ளதைப் போலவே மாடங்கள் இருக்கும். கோயிலில் தெய்வ உருவம் இருக்கும் இடத்தில் இங்கே கொடியும் இலையும்! உளி பிடித்த கைகள் உள்ளூர்ச் சிற்பிகளுடையவை. தொழிலை மாற்றவில்லை, உருவத்தை மட்டும் விட்டார்கள். நம் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் பழைய பள்ளிவாசல்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கும் உருவம் இல்லாத திராவிடத் தூண்கள்தாம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பத்ரா அருகே 1414-ல் எழுந்த அகமது ஷா மசூதியில் பழைய கோயில் தூண்கள் உள்ளன. ஒன்றில் சமஸ்கிருதக் கல்வெட்டே இருக்கிறது. பிள்ளைகள் கேட்டால் மறைக்காமல் சொல்லலாம். வரலாற்றில் எடுத்துக்கொண்டதும் உண்டு, கற்றுக்கொண்டதும் உண்டு. ஜாமா மசூதியில் என் கண்ணுக்குக் கற்றுக்கொண்டதே பெரிதாகத் தெரிகிறது.

தை மாதம் இரண்டாம் ஞாயிறு காலை எட்டு மணிக்குத் தீன் தர்வாஜா அருகே கூடுவோம். தொழுகை நேரத்தில் உள்ளே போகக் கூடாது. கை கால் மூடிய உடையும், தலைக்கு ஒரு துண்டும் இருக்கட்டும்; காலணியை வாசலில் விட வேண்டும். கிழக்கு வாசலுக்கு அப்பால் அகமது ஷாவின் சமாதி இருக்கிறது. நேரமிருந்தால் அதையும் பார்க்கலாம். இதுவரை பதினோரு பிள்ளைகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். செயற்குழு நண்பர் இன்னும் கொடுக்கவில்லை; மறுபடி கேட்க இருக்கிறேன்.