சோகையும் புற்றுநோயும்

கலப்பையின் கொழுவிலும் கதவின் தாழிலும் நாம் காணும் இரும்பே நம் குருதியிலும் அமைந்து, நுரையீரலினின்று உயிர்வளியை உடலெங்கும் சுமந்து செல்கின்றது. வளர்ந்த ஒருவர் உடலில் உள்ள இரும்பு முழுவதையும் திரட்டினாலும் 3 அல்லது 4 கிராமே தேறும். ஓர் ஆணிக்குத்தான் அது காணும். அவ்வளவு சிறிய முதல் குறைந்தாலோ முகம் வெளுக்கும். கீழிமையின் உட்புறம் வெளிறும். படியேறினால் மூச்சு வாங்கும். இதனைச் சோகை என்பர். நம் நாட்டு மருத்துவர் பாண்டு என்று வழங்கி, அயச்செந்தூரம் கொடுத்து வந்தனர்.

மகளிரிடத்தும் குழந்தைகளிடத்தும் இக்குறை மிகுதி. உணவுக் குறைவும், மாதந்தோறும் குருதி கழிதலும், கொக்கிப்புழுவும் அதன் பெருங் காரணங்கள். சோகையுற்றார் பலர்க்கும் புற்றுநோய் இல்லை என்பதை மாணவர்கள் முதற்கண் மனங்கொள்ள வேண்டும். ஆயினும் அவ்விரண்டிற்கும் உறவு உண்டு, அவ்வுறவும் இருவகைப்படும்.

நெடுங்காலச் சோகையே புற்றுக்கு வழிகோலுதல் ஒருவகை. இரும்புக் குறையுற்ற மகளிர் சிலர்க்குத் தொண்டையின் கீழே மெல்லிய சவ்வு தோன்றி, உணவை விழுங்க இயலாதவாறு தடுப்பதை, 1919ஆம் ஆண்டில் பிரிட்டனைச் சேர்ந்த பேட்டர்சன், பிரவுன் கெல்லி என்னும் இரு மருத்துவர் எடுத்துரைத்தனர். இந்நிலை நீடித்தவருள் சிலர்க்குத் தொண்டையில் புற்று உண்டாயிற்று. சுவீடன் நாட்டில் முன்னர் மிகுந்திருந்த இந்நோய், மக்களின் உணவு செம்மையுற்ற பின் அருகிவிட்டது.

புற்றின் விளைவாகச் சோகை தோன்றுதல் மற்றொரு வகை. இதுவே நாம் அடிக்கடி ஏமாறும் இடம். அறுபது ஆண்டைக் கடந்த என் நண்பர் ஒருவர், கீரையும் பேரீச்சம்பழமும் தவறாது உண்பவர், ஓராண்டுக் காலம் இரும்பு மாத்திரை உட்கொண்டார். வெளுப்புச் சற்றே தணியும். மாத்திரையை நிறுத்தினால் மீண்டும் வரும். முதுமையின் தளர்ச்சி என்றனர் சுற்றத்தார். யானும் அவ்வாறே கூறினேன். பின்னர் அவரை ஆய்ந்த மருத்துவர் ஒருவர், “உண்ட இரும்பெல்லாம் எங்கே போகிறது?” என்று வினவினார்.

எளிய கணக்குத்தான். உணவினின்று குடல் நாள்தோறும் ஈர்த்துக்கொள்ளும் இரும்பு 1 அல்லது 2 மில்லிகிராம். குருதியோ ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்புடையது. நாளும் இரண்டு தேக்கரண்டி, அதாவது 10 மில்லிலிட்டர், கசிந்தால் இழப்பு 5 மில்லிகிராம். வரவினும் செலவு மிகுந்த வீட்டில் முதல் கரையாமல் என் செய்யும்?

அக்கசிவு கண்ணுக்குப் புலப்படாமைக்கும் காரணம் உண்டு. வயிற்றின் வலப்புறத்துப் பெருங்குடல் அகன்றது. அங்கே கழிவும் குழம்பாகவே இருக்கும். ஆதலின் அவ்விடத்துக் கட்டி வளர்ந்தாலும் அடைப்போ வலியோ தோன்றுவதற்கு நாளாகும். கசியும் குருதியும் கழிவோடு கலந்து மறையும். இரும்பு மாத்திரை உண்பார்க்கு மலம் இயல்பாகவே கறுத்தலின், ஐயமும் எழுவதில்லை. வெளுத்த முகம் ஒன்றே முதல் அறிகுறியாய் நிற்கும்.

குடலினுட் குழாய் செலுத்தி நோக்கியபோது, நண்பர்க்கு அவ்விடத்திலேயே கட்டி இருந்தது. அது பிற உறுப்புகளுக்குப் பரவாத நிலையில் அறுத்தெடுக்கப்பட்டது. சில திங்களில் அவர் முகத்தில் செம்மை மீண்டது. மாலைதோறும் என் வீட்டுத் திண்ணைக்கு வருகின்றார்; முதுமை என்று யான் சொன்னதை இன்றளவும் சொல்லிக் காட்டுகின்றார்.