கறுக்க விடாதீங்க, காற விடாதீங்க! – அய்யனார் கோவில் கட்டுச்சோற்றோடு சில அடுப்படிக் குறிப்புகள்

ஞாயிற்றுக்கிழமை அய்யனார் கோவிலுக்குப் போகணும்னா, எங்க வீட்டில் சனிக்கிழமை ராத்திரியே கட்டுச்சோற்று வேலை தொடங்கிவிடும். ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிற நீர்காத்த அய்யனாரைக் கும்பிட்டு, தண்ணி வரத்து இருந்தால் அருவியில் நனைஞ்சு, பாறையில் உட்கார்ந்து சாப்பிட்டுத் திரும்புவோம். போன தடவை வடைக்கு வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தேன். மோர்ச்சட்டியை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் நறுக்கின பூவின் ஓரமெல்லாம் பழுப்பேறி, என் விரல் நுனியும் கறுத்துப் போச்சு. பத்தாவது படிக்கிற மகள் எட்டிப் பார்த்து, "இதுக்குச் சொந்தக்கார வேலை ஒண்ணு நம்ம உடம்புக்குள்ளயும் நடக்குதும்மா" என்றாள்.

உண்மைதான். பூவைக் கறுக்க வைக்கிற, எண்ணெயைக் காற வைக்கிற அதே காற்றை மூச்சாக இழுத்துத்தான் உடம்பு சாப்பாட்டை எரித்துச் சக்தியாக்குது. விறகடுப்பில் பொறி பறக்கிற மாதிரி அப்போது 'ஃப்ரீ ராடிக்கல்' என்கிற பொறிகள் கிளம்பும். அதை அணைக்க உடம்பே ஆள் வைத்திருக்கு. காய், கனி, கீரையிலிருந்தும் ஒத்தாசை வருது. அந்த ஒத்தாசைக்குப் பேர்தான் ஆன்டிஆக்சிடன்ட். பொறி மிஞ்சி, அணைக்க ஆள் பத்தாமல் போவதை 'ஆக்சிடேடிவ் ஸ்ட்ரெஸ்' என்கிறார்கள் டாக்டர்கள்; சர்க்கரை நோய், இதய நோய், கண்புரை என்று பலதிலும் அதற்குப் பங்கு இருக்கு. இதற்காக விலை கூடின டப்பா எதையும் வாங்க வேண்டாம், தோழிகளே. வாங்கின சாமானைக் கறுக்காமல், காறாமல் சாப்பிட்டாலே பாதி வேலை முடிஞ்சது.

1. வாழைப்பூ, வாழைத்தண்டு நறுக்க உட்காரும் முன்பே மோர் கலந்த தண்ணியைப் பக்கத்தில் வைத்துக்கோங்க. கத்திரிக்காய், வாழைக்காய்க்கு வெறும் தண்ணி போதும். ஆனால் மணிக்கணக்காக ஊற விட்டால் சத்து தண்ணியோடு போயிடும். தாளிக்கிற நேரத்துக்கு நறுக்குவதுதான் நல்லது.

2. பிள்ளைகளின் டிபன் டப்பாவில் ஆப்பிள் துண்டு வைத்தால், நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு புரட்டி வைங்க. காற்று தாக்க வரும்போது எலுமிச்சையின் வைட்டமின் சி முன்னால் போய் நின்று வாங்கிக்கொள்ளும். பழம் வெள்ளையாகவே இருக்கும். நம்ம உடம்பிலும் வைட்டமின் சி செய்கிற உபகாரம் இதுதான்.

3. ஆப்பிள் விலைக்குத் தயங்குகிறீங்களா? நம்ம ஊர்க் கொய்யா வாங்குங்க. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கு. பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 80 மில்லிகிராமே போதும். ஆப்பிளில் இது ரொம்பச் சொற்பம்.

4. நெல்லிக்காய் என்றால் பெருநெல்லி. அரைநெல்லி வாய்க்கு ருசிதான், ஆனால் வைட்டமின் சி-யில் பெருநெல்லிக்குப் பக்கத்தில்கூட வராது. ஊறுகாய்க்கு அரைநெல்லி, தினசரிக்குப் பெருநெல்லி என்று பிரித்து வாங்குங்க.

5. நெல்லி மலிவாகக் கிடைக்கிற மாதங்களில் ரெண்டு கிலோ வாங்கி, கொட்டை நீக்கித் துருவி, ஐஸ் டிரேயில் அமுக்கி ஃப்ரீஸரில் வைங்க. கட்டியானதும் டப்பாவில் கொட்டி மூடிடுங்க. துவையலுக்கோ மோருக்கோ ஒரு கட்டி போட்டால் ஆச்சு. தேன்நெல்லி என்று விற்பதில் பாகுச் சர்க்கரைதான் தூக்கலாக இருக்கும், பார்த்து வாங்குங்க.

6. கீரையை முதலில் அலசுங்க, அப்புறம் நறுக்குங்க. நறுக்கின பிறகு அலசினால் பச்சைத் தண்ணியாக ஓடுதே, அது சத்து.

7. முருங்கைக்கீரை நிறைய வந்துவிட்டால் உருவி, அலசி, மெல்லிய துணியில் பரப்பி நிழலில் காய வைங்க. வெயிலில் போட்டால் பச்சை வெளுத்து, கரோட்டினும் குறைஞ்சிடும். கையில் நொறுங்குகிற பதம் வந்ததும் பொடித்து வைத்தால் அடை மாவுக்கும் சாம்பாருக்கும் ஒரு ஸ்பூன் கணக்கு.

8. கீரை, கேரட், பரங்கிக்காயில் இருக்கிற கரோட்டின் எண்ணெயில்தான் கரையும். கொழுப்பே வேண்டாம் என்று வெறும் தண்ணியில் வேகவைத்துச் சாப்பிட்டால் உடம்பில் சரியாகச் சேராது. ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயோ ஒரு பிடி தேங்காய்த் துருவலோ போதும்.

9. தக்காளி இதற்கு அண்ணன். எண்ணெய் விட்டுத் தொக்காகச் சுருள வதக்கினால்தான் அதன் சிவப்புச் சத்தான லைக்கோபீன் உடம்பில் நன்றாகச் சேரும். பழுத்துக் குழைஞ்ச தக்காளி மலிவாகக் கிடைத்தால் விடாதீங்க.

10. எலுமிச்சைச் சாற்றை அடுப்பை அணைத்த பிறகு பிழியுங்க. கொதியில் பிழிந்தால் வைட்டமின் சி வீண், குழம்பும் கசக்கும். கீரைப் பொரியலில் கடைசியில் பிழிந்தால் கீரையின் இரும்புச்சத்தும் கூடுதலாக ஏறும்.

11. செம்புப் பாட்டிலில் எலுமிச்சை ஜூஸோ நெல்லி ஜூஸோ ஊற்றி வைக்காதீங்க. செம்பு பட்டால் வைட்டமின் சி சீக்கிரம் அழிஞ்சிடும், புளிப்புக்குச் செம்பும் கரைஞ்சு இறங்கும். இதற்குக் கண்ணாடியோ எவர்சில்வரோதான் சரி.

12. சின்ன வெங்காயம் உரிக்கும்போது காய்ந்த சருகை மட்டும் எடுங்க. அவசரத்தில் மேல் அடுக்கு ஒன்றையும் சேர்த்துப் பிய்த்து எறிகிறோமே, க்வெர்செட்டின் என்கிற சத்து அந்த வெளி அடுக்கில்தான் அதிகம். வெந்நீரில் அஞ்சு நிமிஷம் போட்டால் சருகு மட்டும் வழுக்கிக்கொண்டு வரும்.

13. கறுப்புக் கவுனியைச் சட்டென்று ஒரு தண்ணி கழுவி, அப்புறம் ஊற வைங்க. ஊறின ஊதாத் தண்ணியைக் கீழே கொட்டாமல் அதிலேயே வேக வைங்க. காசு கொடுத்து வாங்கினது அந்த நிறத்துக்குத்தானே!

14. அதே ஊதா நிறம் மலிவாகக் கிடைப்பது நாவல் பழத்தில். ஆனி, ஆடியில் படி கணக்கில் வரும்போது வாங்கி, கல் உப்புத் தண்ணியில் அலசிச் சாப்பிடுங்க. சர்க்கரைக்காரர்கள் அதைத் தின்றுவிட்டு மாத்திரையை நிறுத்தக் கூடாது.

15. கேழ்வரகு மாவை ரொம்ப நைஸாகச் சலிக்காதீங்க. அதன் பாலிஃபீனால் சத்தெல்லாம் தோலில்தான் உட்கார்ந்திருக்கு; சல்லடையில் நிற்பதைக் குப்பையில் கொட்டினால் அதுவும் போச்சு.

16. மஞ்சள் போடுகிற இடத்தில் மிளகும் கொஞ்சம் எண்ணெயும் இருக்கட்டும். மஞ்சளின் குர்க்குமின் தனியாகப் போனால் உடம்பில் தங்குவதே இல்லை. மிளகில் இருக்கிற பைப்பரினோடு சேர்த்துக் கொடுத்தால் பல மடங்கு கூடுதலாக ரத்தத்தில் ஏறுது என்று 1998-இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் சோதித்துக் காட்டினார்கள். பால், ரசம், பொங்கல் எல்லாவற்றிலும் நம்ம ஆட்கள் இரண்டையும் ஜோடியாகத்தான் போட்டிருக்காங்க! விரலி மஞ்சளாக வாங்கி மில்லில் அரைத்தால் கலப்படப் பயமும் இல்லை.

17. இப்போ எண்ணெய். வெளிச்சம், சூடு, காற்று மூன்றும் அதற்கு எதிரி. நம்ம பக்கத்து வெயிலில் ஜன்னலோரமும் அடுப்புத் திண்டும் எண்ணெய் வைக்கிற இடமே இல்லை. கண்ணாடிப் பாட்டில் என்றால் பழைய துணியோ காகிதமோ சுற்றி அலமாரிக்குள் தள்ளுங்க. வீட்டில் நாலு பேர்தான் என்றால் அஞ்சு லிட்டர் டின் மலிவு மாதிரித் தெரிந்தாலும், கடைசி லிட்டர் காறிப்போய்க் கொட்ட வேண்டி வரும்.

18. பழைய எண்ணெய் அடியில் கிடக்கும்போது புதுசை அதன்மேல் ஊற்றாதீங்க. காறல் ஒரு சங்கிலி மாதிரி. கெட்டுப்போன கொஞ்சம், புதுசையும் பிடித்து இழுத்துக் கெடுக்கும். பாட்டிலைக் கழுவி, ஈரமில்லாமல் காயவைத்து அப்புறம் ஊற்றுங்க.

19. நல்லெண்ணெயில் இயற்கையாகவே சீசமால் முதலான ஆன்டிஆக்சிடன்ட்கள் இருக்கு. ஊறுகாய்க்கும் தொக்குக்கும் மேலே நல்லெண்ணெய் நிற்கணும் என்று பெரியவங்க சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

20. வடைக்கும் அப்பளத்துக்கும் அகலமான வடைச்சட்டி வேண்டாம். குழிவான சின்னதில் பாதி எண்ணெய் போதும். மிஞ்சினதை ஆறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, ரெண்டு நாளுக்குள் தாளிப்பிலும் தோசைக்கல்லிலும் தீர்த்துடுங்க. நுரைத்தாலோ, கறுத்துக் கெட்டியானாலோ, அடுப்பில் வைத்ததுமே புகைந்தாலோ கொட்டிவிட வேண்டியதுதான்.

21. வெளியில் சாப்பிடும்போதும் இதே பார்வை வேணும். எண்ணெயில் பொரிக்கிற பரோட்டா நம்ம விருதுநகர்ப் பக்கத்துப் பெருமை. ஆனால் உட்காரும் முன் கல்லில் இருக்கிற எண்ணெயின் நிறத்தை ஒரு தடவை பாருங்க. பொரித்துப் பொரித்துக் கெட்ட கூட்டுப்பொருள்கள் 25 சதவீதத்துக்கு மேல் போன எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை 1 முதல் உணவுப் பாதுகாப்பு ஆணைய விதியே இருக்கு.

22. வெண்ணெய் உருக்கும்போது கடைசியில் ஒரு கொத்து முருங்கை இலை போட்டு, பொரிஞ்சதும் இறக்குங்க. வாசத்துக்கு வாசம், இலையின் சத்து நெய் காறுவதையும் தள்ளிப்போடும். பொரிஞ்ச இலையைச் சூடான சோற்றில் பிசைந்தால் பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு சாப்பிடுவாங்க.

23. வேர்க்கடலை, எள், கொப்பரை எதையும் மொத்தமாகப் பொடித்து வைக்காதீங்க. முழுசாக இருந்தால் தோல் காக்கும். பொடித்தால் ஒவ்வொரு துகளிலும் காற்று படும். ஒரு வாரத்துக்கு மட்டும் அரைத்துக்கோங்க.

24. தீபாவளி முறுக்கை ஒரே பெரிய சம்படத்தில் கொட்டினால், திறக்கிற ஒவ்வொரு தடவையும் அத்தனைக்கும் காற்று. நாலு சின்ன டப்பாவாகப் பிரித்து, ஒன்று தீர்ந்ததும் அடுத்ததைத் திறங்க. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் இதே யோசனைதான்: கால் கிலோவாக வாங்கி, ஈரமில்லாத எவர்சில்வரில் மூடி, சீக்கிரம் தீர்த்துடுங்க.

25. டீயிலும் ஆன்டிஆக்சிடன்ட் உண்டு. ஆனால் சாப்பிட்ட கையோடு குடித்தால் சாப்பாட்டின் இரும்புச்சத்தைக் கட்டிப்போட்டுவிடும். ரத்தசோகை இருக்கிற பெண்கள் ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க.

26. அடுப்படியைத் தாண்டி ஒரு விஷயம்: பீரோவில் போடுகிற பாச்சை உருண்டையைக் கைக்குழந்தைத் துணிப் பக்கமே கொண்டுபோகாதீங்க. இதை நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஜி-சிக்ஸ்-பி-டி என்கிற என்சைம் குறைவாக இருக்கும். அவங்க ரத்தச் சிவப்பணுவால் பொறியை அணைக்க முடியாது. அந்த உருண்டையின் நாப்தலீன் வாடை ஏறினாலே சிவப்பணு உடைந்து, கடுமையான மஞ்சள் காமாலை வந்துவிடும். வெளியில் பார்த்து எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை என்று தெரியாது. துணியை நல்ல வெயிலில் உலர்த்தி, காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து வைத்தால் செலவும் இல்லை, ஆபத்தும் இல்லை.

27. இனி மாத்திரை விஷயம். 'ஆன்டிஆக்சிடன்ட் நிறைந்தது' என்று எழுதி ஆயிரக்கணக்கில் விலை போட்ட டப்பாவை உறவுக்காரங்களே கொண்டுவந்து நீட்டுவாங்க, முகத்துக்காக வாங்காதீங்க. பின்லாந்தில் புகைபிடிக்கிற 29,000 ஆண்களை வைத்து நடந்த பெரிய ஆய்வு 1994-இல் வெளிவந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் கூடியிருந்தது. கேரட்டில் நல்லது செய்கிற அதே பொருள், மாத்திரையாக அளவு கூடிப் போனதும் ஆகவில்லை. ரத்த வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்வதற்கே அந்தப் பொறியைத்தான் பயன்படுத்துது. அத்தனையையும் அணைத்துவிட்டால் எப்படி?

28. புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவங்க, ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவங்க, சிறுநீரகக் கல் வந்தவங்க, சத்து மாத்திரையோ கீரைச் சாறோ தொடங்கும் முன் டாக்டரைக் கேட்டுக்கோங்க. அன்றாடக் குழம்பு, பொரியல் அளவுக்குப் பெரும்பாலும் பயமில்லை. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவங்க மட்டும் கீரையை ஒரு வாரம் ஏகமாகவும் மறு வாரம் அறவே இல்லாமலும் மாற்றாதீங்க.

29. காய்கறி, பழம் சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எடை பார்க்க நேரமில்லை என்றால், சோற்றுத் தட்டில் பாதியைக் காய்க்கு ஒதுக்குங்க. கருவேப்பிலையைத் தட்டோரம் ஒதுக்காமல் இருக்க, வறுத்துப் பொடியாக்கிடுங்க.

30. உடம்பை அசைத்தால் பொறியை அணைக்கிற உள்ளாட்கள் பலமாவாங்க, அதுவும் காசில்லாமல். அய்யனார் கோவில் போகிற அன்று வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு, மாந்தோப்புக் காற்றில் கொஞ்ச தூரம் நடங்க. வீட்டில் இருக்கிற நாளில் பீடி, சிகரெட்டை வாசலோடு நிறுத்த ஆண்களிடம் பேசுங்க. அந்தப் புகை பக்கத்தில் நிற்கிற பிள்ளைக்கும் பொறிதான்.

31. கோவிலுக்குக் கட்டுகிற சோற்றைச் சூடாகப் பிளாஸ்டிக் பையில் போடாமல், வாட்டின வாழையிலையில் மடித்துத் தூக்குச்சட்டியில் வைங்க. புளிச்சோற்றுக்கு வறுத்த எள்ளைப் பொடித்துக் கடைசியில் தூவினால் மதியம் வரை மணம் நிற்கும்.

32. மலைக்காட்டில் நெல்லி தென்பட்டாலும் கை வைக்காதீங்க. 2021 முதல் அந்த மலைகள் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம், காய் அங்கே இருக்கிற உயிர்களுக்கு. வீட்டிலிருந்தே ஆளுக்கொரு பெருநெல்லியும் ஒரு பொட்டலம் உப்பும் எடுத்துப் போங்க. சாப்பிட்டு முடித்துப் பாறையில் உட்கார்ந்து நெல்லியைக் கடித்து, மேலே ஒரு மடக்குத் தண்ணி குடிச்சுப் பாருங்க. எங்க மகள் தண்ணிக்குச் சர்க்கரை போட்டதாக இன்னும் தம்பியை ஏமாற்றிக்கொண்டிருக்கிறாள்.